செஞ்சிக் காய்ச்சலும் தொட்டி மாற்றிய செடியும்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சில எண்களைத் தவறாமல் சொல்வார்கள். மூன்று மலை. ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை வெளியே காத்துக் கிடந்த எட்டு வருடம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருக்கும் ஒரே கோட்டை. என் குறிப்பேட்டில் செஞ்சிக்கு நேராக நான் எழுதி வைத்திருக்கும் எண் வேற. 1200.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் செஞ்சியைப் பிடித்தார். எட்டு வருடம் முற்றுகை தாங்கிய கோட்டை ஒரு ராத்திரியில் போனது ஒரு ஆச்சரியம்னா, அதைப் பிடித்தவர்களுக்கு அது என்ன செய்தது என்பது இன்னொரு ஆச்சரியம். பாண்டிச்சேரி விழுந்த பிறகு, 1761 ஏப்ரலில், கேப்டன் ஸ்டீஃபன் ஸ்மித்திடம் செஞ்சி சரணடைந்தது. இடையில் பத்து வருடத்துக்குச் சற்று அதிகம். இந்தப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், கர்நாடகப் பகுதியிலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்று செஞ்சியைக் குறிப்பிட்டுவிட்டு ஒரு கணக்குச் சொல்கிறார். அங்கே ஒரு சமயத்தில் 100 ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பத்து வருடத்தில் செத்தவர்கள் 1200 பேர்.

வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு 120. அதாவது இருக்கிற படை மொத்தமும் வருடத்துக்கு ஒரு தடவை செத்து, புது ஆட்கள் வந்து, அவர்களும் செத்து... ஓர்ம் ஆங்கிலேயக் கம்பெனி ஆள். எதிரி பக்கத்துக் கணக்கைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொண்டு பாதியாகக் குறைத்தாலும் கொடுமைதான். அந்தக் கோட்டையில் கூடவே இருந்த நம்ம ஊர்ச் சிப்பாய்களும் சுமை தூக்கியவர்களும் எத்தனை பேர் செத்தார்கள் என்று இந்தக் கணக்கில் இல்லை.

மலைகளுக்கு நடுவே அடைபட்ட காற்று, கெட்ட தண்ணீர் என்றுதான் அந்தக் காலத்தில் காரணம் சொன்னார்கள். மலை, காடு, சுனை, குளம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்து, வெளியாட்கள் வந்து கொத்துக் கொத்தாகச் செத்தால் இன்றைக்கு நமக்கு முதலில் தோன்றுவது மலேரியா. கொசுதான் அதைச் சுமக்கிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். செஞ்சிப் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது 140 வருடம் பிந்திய செய்தி.

ஆனால் மருந்து அப்போதே உலகத்தில் இருந்தது. வயிற்றெரிச்சல் அங்கேதான்.

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டை. நம்ம பாட்டிகள் 'கொயினா' என்று சொன்ன கசப்பு மருந்தின் தாய்மரம். 17-ஆம் நூற்றாண்டிலேயே ஏசுசபைப் பாதிரியார்கள் மூலமாக இந்தப் பட்டை ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. பாண்டிச்சேரிக்கும் வந்துவிட்டது. 1693-ல் சீனப் பேரரசர் காங்ஷிக்குக் காய்ச்சல் வந்தபோது பீக்கிங்கில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார்கள் கொடுத்துக் குணமாக்கியது, பாண்டிச்சேரியிலிருந்து அவர்களுக்கு அனுப்பப்பட்டிருந்த சின்கோனாப் பட்டையை. அதே 1690-களில் பாண்டிச்சேரிக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில் செஞ்சியைச் சுற்றி முகலாயப் படை கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தது. பட்டை பீக்கிங் வரை போய் ஒரு பேரரசரைப் பிழைக்க வைத்திருக்கிறது.

ஒரு பேரரசரைப் பிழைக்க வைக்கப் பட்டை போதும். ஒரு கோட்டையில் வருடா வருடம் நோயில் விழும் படையைப் பிழைக்க வைக்க மரம் வேண்டும், அதுவும் பக்கத்திலேயே. பட்டை காட்டு மரத்தில் உரித்து வருவது. விலை அதிகம், கலப்படம் அதிகம், கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அப்போ மரத்தைக் கொண்டுவந்து நட்டுக்கொள்ள வேண்டியதுதானே? கொண்டுவந்தார்கள், 1860-களில். பட்டையின் குணம் தெரிந்து ஏறக்குறைய 200 வருடம் கழித்து. ஏன் இத்தனை தாமதம் என்று தேடிக்கொண்டே போனபோது நான் வந்து நின்ற இடம் அரசியல் இல்லை, போர் இல்லை. ஒரு செடியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற சங்கதி.

முயற்சி நடக்காமல் இல்லை. பூமியின் வடிவத்தை அளக்கத் தென்னமெரிக்கா போன பிரெஞ்சு விஞ்ஞானி லா கொந்தமீன், 1743-ல் சின்கோனா நாற்றுகளைப் பெட்டியில் வைத்து, அமேசான் ஆறு முழுக்கப் படகிலே கொண்டுவந்தார். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய செடிகளை, ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு அலை வாரிக்கொண்டு போனது. இவர் ஒருவர் கதை மட்டும் இல்லை. சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பும் செடிகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் உயிரோடு போய்ச் சேருகிறது என்று மக்காவில் இருந்த ஜான் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர் 1819-ல் கணக்குச் சொன்னார். உப்புக் காற்று, குடிதண்ணீர்த் தட்டுப்பாடு, எலி, வெயில், தண்ணீர் ஊற்ற மறந்த மாலுமி என்று காரணங்கள் நிறைய. இவற்றுக்கெல்லாம் அடியில் எனக்குப் பெரிதாகப் படுவது வேர்.

செடி தண்ணீர் குடிப்பது தடித்த வேரால் இல்லை. வேர் நுனியும், அதை ஒட்டிக் கண்ணுக்கே சரியாகத் தெரியாத வேர்த்தூவிகளும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. காட்டில் நிற்கும் ஒரு நாற்றைப் பிடுங்கினால் தடித்த வேர் வந்துவிடும், குடிக்கும் வேர் மண்ணிலேயே நின்றுவிடும். மேலே இலைகள் எப்போதும்போல் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும். வரவு நின்றுபோச்சு, செலவு நிற்கவில்லை. புதுத் தூவி முளைக்கும் வரை இந்தக் கணக்கைச் சமாளித்தால் செடி பிழைக்கும். தொட்டி மாற்றின மூன்றாம் நாள் வீட்டுச் செடி துவண்டு நிற்பதும், கப்பல் தளத்தில் சின்கோனா செத்ததும் ஒரே கணக்கு.

சரி, பிடுங்காமல் தொட்டியிலேயே வளர்த்துக் கொண்டுபோனால்? அதற்கும் ஒரு எல்லை இருக்கு. தொட்டிக்குள் வேர் சுவரை முட்டியதும் வளைந்து, சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வரும். வருடம் இரண்டானால் உள்ளே மண்ணை விட வேர் அதிகம். தண்ணீர் ஊற்றினால் ஓரமாக வழிந்து அடி ஓட்டை வழியாக ஓடிவிடும், நடுவில் காய்ந்தே கிடக்கும். மண் இறுகிவிட்டால் வேருக்குக் காற்று இல்லை. போர் தண்ணீரின் உப்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கும். மண் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். இந்த நிலைக்கு வந்த செடிக்கு உரம் போட்டுப் பிரயோசனம் இல்லை. வீடு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பிரச்சினையைப் பழைய ஆட்கள் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். எகிப்து அரசி ஹட்ஷெப்சுட், கிறிஸ்துவுக்கு 15 நூற்றாண்டு முன்னால், புன்ட் நாட்டிலிருந்து வாசனைப் பிசின் மரங்களைக் கொண்டுவந்ததைத் தன் கோயில் சுவரில் செதுக்கி வைத்தாள். அந்தச் சிற்பத்தில் மரங்கள் வேர்மண்ணோடு கூடையில் இருக்கின்றன, ஆட்கள் காவடிபோல் கம்பில் தொங்கவிட்டுச் சுமக்கிறார்கள். வராகமிகிரர் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில் மரங்களுக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. இடம் மாற்றி நடும் மரத்துக்கு வேரிலிருந்து தண்டு வரை நெய், எள், தேன், பால், வாய்விடங்கம், வெட்டிவேர், சாணம் இவற்றைப் பூசச் சொல்கிறார். நெய்யும் தேனும் என்ன செய்யும் என்று விவாதிக்கலாம். பிசுபிசுப்பான ஒரு பூச்சு, காற்றில் காயும் வேரின் ஈரத்தைக் கொஞ்ச நேரமாவது பிடித்து வைக்கும் என்பது என் ஊகம். அவர் கவலைப்பட்ட இடம் சரியான இடம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஏதென்ஸ் சங்கதி. அங்கே ஹெஃபைஸ்டஸ் கோயிலைச் சுற்றி 1930-களில் தோண்டியபோது, பாறையில் வரிசையாக வெட்டிய குழிகளும் குழிக்குள் உடைந்த பூந்தொட்டிகளும் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு முன் 3-ஆம் நூற்றாண்டுத் தோட்டம். அடியில் ஓட்டை போட்ட மண் தொட்டி. செடியைத் தொட்டியோடு குழிக்குள் இறக்கி, அங்கே வைத்துத் தொட்டியை உடைத்திருக்கிறார்கள், வேர் அசையாமல் வெளியே போகட்டும் என்று. நம்ம நர்சரிக்காரர் கறுப்புப் பாலிதீன் பையைப் பிளேடால் கீறிவிட்டுக் குழியில் வைக்கிறாரே, அதேதான்.

நம்மிடம் தொட்டி இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அது வேறு வகை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கல்யாணத்திலேயே முளைப்பாலிகை வருகிறது. கோயில் திருவிழாவில் நவதானியம் முளைக்க வைக்கும் பாலிகைகளும், அம்மனுக்கு எடுக்கும் முளைப்பாரியும் இன்னும் இருக்கின்றன. சில நாளில் முளைத்து, குளத்தில் கரைக்கப்படும் செடி. அதற்குத் தொட்டி மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. கிரேக்கப் பெண்களும் அடோனிஸ் என்ற தெய்வத்துக்கு இப்படியே சட்டியில் முளை வளர்த்து நீரில் விட்டிருக்கிறார்கள். வருடக்கணக்கில் வீட்டோடு இருக்கும் செடி என்று பார்த்தால் நமக்குத் துளசி. அதற்கும் நாம் கட்டியது மாடம், தூக்கி நகர்த்த முடியாத தொட்டி. செஞ்சியில் கல்யாண மகால் பக்கம் சுடுமண் குழாயில் தண்ணீர் கொண்டுவந்த ஆட்களுக்கு, ஓட்டை போட்ட தொட்டி வனைவது பெரிய வித்தையே இல்லை. நகர்த்தவேண்டிய தேவை இருந்தால்தான் அந்தப் பொருள் முக்கியமாகும் என்று நினைக்கிறேன்.

தேவை ஐரோப்பியர்களுக்கு வந்தது. செஞ்சிக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. பாண்டிச்சேரித் தாவரவியல் பூங்கா தொடங்கியது 1826-ல். அதைப் பார்த்துக்கொள்ள 1834-ல் வந்தவர் ஜார்ஜ் சாமுவேல் பெரோத்தே. அதற்கு முன், 1819 முதல் 1821 வரை, கேப்டன் ஃபிலிபெர் தலைமையில் போன பயணத்தில் தோட்டக்காரராகக் கப்பல் கப்பலாகச் செடி சுமந்தவர் அவர். ரீயூனியன் தீவுக்கு வனிலாக் கொடி போனதும் அந்தப் பயணத்தில்தான். கண்ணாடிப் பெட்டி வராத காலம். தொட்டிகளைத் தளத்தில் வைத்து, உப்புத் துளி பட்டால் துடைத்து, குடிக்கிற தண்ணீரில் பங்கு கொடுத்துக் கொண்டுவர வேண்டும். பிறகு பாண்டிச்சேரியிலேயே தங்கி 1870-ல் அங்கேயே இறந்தார். சின்கோனாவைத் தேடிப் போகாமல் விட்டாரே என்று எனக்கு ஒரு சின்ன ஆதங்கம்.

வழியைத் திறந்தது ஒரு லண்டன் டாக்டரின் பொழுதுபோக்கு. நதானியேல் வார்டுக்குப் பெரணிச் செடி என்றால் உயிர். லண்டன் புகையில் அவர் வைத்ததெல்லாம் செத்துக்கொண்டிருந்தது. 1829-ல் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய பாட்டிலில் வைத்தார். பூச்சி வருகிறதா என்று பார்த்தவருக்கு, உள்ளே ஒரு பெரணியும் புல்லும் முளைத்திருப்பது தெரிந்தது. பகலில் மண்ணிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியில் படிந்து, ராத்திரி மண்ணுக்கே திரும்புகிறது. தண்ணீர் ஊற்றவே வேண்டாம். 1833-ல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளைச் சிட்னிக்கு அனுப்பினார், உள்ளே இருந்தவை பிழைத்துப் போய்ச் சேர்ந்தன. அதற்கப்புறம் உலகம் பூராவும் 'வார்டு பெட்டி'தான். தேயிலை சீனாவிலிருந்து இமயமலைக்கு வந்ததும் இதில்தான்.

மேலே சொன்ன வரவு செலவுக் கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். பெட்டிக்குள் காற்று முழுக்க ஈரம், அதனால் இலையின் செலவு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. வேருக்கு நிதானமாகத் தூவி விட நேரம் கிடைக்கிறது. ஆனால் பெட்டி வேரைக் கொடுக்காது. வேர் பிடித்த செடி உள்ளே போக வேண்டும்.

1860-ல் இது நன்றாகவே தெரியவந்தது.

இந்தியாவுக்குச் சின்கோனா கொண்டுவரும் பொறுப்பு கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற இளைஞரிடம் கொடுக்கப்பட்டது. அவரே பெரு நாட்டுக் காட்டுக்குள் போய், தானாக முளைத்து நின்ற நாற்றுகளைப் பிடுங்கி, பாசி சுற்றி, பாயில் கட்டி, கோவேறு கழுதைமேல் ஏற்றி, உறைபனி விழும் ஆண்டிஸ் கணவாய்களைத் தாண்டி இஸ்லாய் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே வார்டு பெட்டியில் நட்டு 1860 ஜூனில் கப்பல். பசிபிக் வழியாக நேரே சென்னைக்கு ஒரு கப்பல் விடுங்கள் என்று அவர் கேட்டுப்பார்த்தார், கிடைக்கவில்லை. பனாமா, இங்கிலாந்து, எகிப்து, செங்கடல், பம்பாய் என்று உலகத்தைச் சுற்றி அக்டோபரில் ஊட்டிக்கு வந்து சேர்ந்தபோது செடிகள் சாகும் நிலையில் இருந்தன. கொஞ்ச நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. செங்கடல் வெயில்தான் கொன்றது என்பது அன்றைய தீர்ப்பு.

இன்னொரு குழு ஈக்வடாரில் இருந்தது. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற தாவரவியலாளர், உடம்பு ஏறக்குறைய முடங்கிய நிலையில், சிம்பொராசோ மலைச்சரிவில் சிவப்புப் பட்டைச் சின்கோனாவின் விதை சேகரித்தார். கூட இருந்த தோட்டக்காரர் ராபர்ட் கிராஸ் அங்கேயே நாற்றங்கால் போட்டு, கட்டிங் வைத்து, வேர் பிடிக்க வைத்தார். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றி, புழு பொறுக்கி வளர்த்த பிறகே 637 செடிகளை வார்டு பெட்டிகளுக்கு மாற்றினார்கள். ஆற்றில் தெப்பம் கட்டிக் குவாயாகில் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, 1861 ஜனவரியில் கிராஸ் கூடவே கிளம்பினார். ஏப்ரலில் ஊட்டியில் 463 செடிகள் உயிரோடு கைமாறின.

ஒரு பக்கம் பூஜ்யம், இன்னொரு பக்கம் நூற்றுக்கு 73. கிராஸ் செங்கடலைத் தாண்டியது கோடைக்கு முன்னால், அது அவருக்குச் சாதகம். சரி. ஆனாலும் வெயிலை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மார்க்கத்தின் செடி காட்டிலிருந்து பாய்க்கட்டுக்கும், பாய்க்கட்டிலிருந்து பெட்டிக்கும் போனபோது இரண்டு தடவையும் வேர் அறுந்த செடி. கிராஸின் செடி நாற்றங்காலில் புது வேர் விட்டு, அந்த வேரோடு பெட்டிக்குள் போன செடி. எங்க தொழிலில் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றும்போது, ஓடிக்கொண்டிருப்பதைப் பிடுங்கிக் கொண்டுபோகாதே, அங்கே ஒன்றை நிலைநிறுத்திவிட்டு மாற்று என்பார்கள். கிராஸ் அதைச் செய்திருக்கிறார். ஆனால் வரலாற்றில் பெரிய பெயரும் சர் பட்டமும் மார்க்கத்துக்கு.

ஊட்டியில் இவற்றை வாங்கிக்கொண்டவர் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர். லண்டன் கியூ பூங்காவில் பயின்றவர், 1848-ல் ஊட்டிக்கு வந்து அரசுத் தாவரவியல் பூங்காவை உருவாக்கியவர். அவர் தொழில் கற்ற 1840-களில் இங்கிலாந்துத் தோட்டக்காரர்களிடையே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. சின்னத் தொட்டியிலிருந்து கொஞ்சம் பெரியது, அதிலிருந்து இன்னும் கொஞ்சம் பெரியது என்று படிப்படியாக மாற்றுவதா, இல்லை ஒரே மாற்றாகப் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோய்விடுவதா? 'ஒரே மாற்று முறை' என்றே அதற்குப் பெயர். தோட்டக்கலைப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். உட்கார்ந்து சண்டை போடுகிற விஷயமா என்று சிரிப்பு வரலாம். எனக்கு இது முக்கியமான சண்டை, ஏனென்றால் இன்றைக்கும் நம்ம மொட்டைமாடியில் செடி சாவதற்குப் பெரிய காரணம் இதில் இருக்கிறது.

சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் என்ன ஆகும்? வேர் இருக்கும் இடம் ஒரு கைப்பிடி, ஈரமண் ஒரு கூடை. அந்தக் கைப்பிடி வேரால் கூடை மண்ணின் தண்ணீரைக் குடித்துத் தீர்க்க முடியாது. மண் நாள்கணக்கில் நனைந்தே கிடக்கும், இண்டு இடுக்கில் காற்று இருக்க வேண்டிய இடமெல்லாம் தண்ணீர். வேர் மூச்சு முட்டி அழுகும். இலை மஞ்சளாகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம். அவ்வளவுதான்.

இதில் ஒரு இயற்பியலும் உண்டு. பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கையாக வைத்துப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிறுத்துங்கள், திரும்பவும் சொட்டும். தொட்டி மண்ணும் அப்படியே. அடியில் ஓட்டை இருந்தாலும் கடைசி சில அங்குலத்தில் தண்ணீர் தொங்கிக்கொண்டே நிற்கும். தொட்டி குட்டையாக இருந்தால் அந்த ஈரப்பகுதிதான் பெரும்பகுதி. அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்பது ரொம்ப நாளைய நம்பிக்கை. உண்மையில் ஜல்லிக்கு மேலேதான் தண்ணீர் தொங்கும், வேருக்கு இருக்கிற இடமும் குறையும். ஓட்டையை மண் அடைக்காமல் இருக்க ஒரு ஓட்டாஞ்சில்லு போதும்.

மெக்ஐவர் விதைக்கும் நாற்றுக்கும் ஈரம் மிஞ்சக்கூடாது என்பதில் கறாராக இருந்தார். வந்த செடிகளைத் தாயாக வைத்து, பதியம் போட்டும், ஒரே ஒரு கணு வைத்த கட்டிங்கில் வேர் பிடிக்க வைத்தும் பெருக்கினார். சில வருடத்தில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா லட்சக்கணக்கில் நின்றது. இதை மெக்ஐவர் ஒருவர் கைவண்ணமாக எழுதிவிட முடியாது. நடுவட்டத்தில் குழி வெட்டியவர்களில் மலாக்கா ஜலசந்திக் குடியேற்றங்களின் சிறைகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தார்கள். தொட்டியில் கண்ணாடி மூடி வளர்த்த செடி ஒரு பக்கம், விலங்கு பூட்டிய ஆட்கள் இன்னொரு பக்கம்.

சிவப்புப் பட்டையில் கொயினாச் சத்து குறைவு, கூட இருக்கும் மற்ற சத்துகள் அதிகம். அவையும் காய்ச்சலைக் கேட்குமா என்று 1866-ல் சென்னை அரசு மருத்துவக் குழு வைத்துச் சோதித்தது. கேட்கும் என்று தெரிந்தது. அதன் பிறகு மலிவு மருந்து சாத்தியமானது. 1892-ல் வங்காளத்தில் தபால் ஆபீசிலேயே கொயினாப் பொட்டலம் சல்லிக்காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள், பிறகு மற்ற மாகாணங்களுக்கும் அது பரவியது. பீக்கிங் அரண்மனைக்குப் போன மருந்து தபால்காரர் பைக்கு வர 200 வருடம் ஆகியிருக்கிறது. அப்போது செஞ்சிக் கோட்டையில் காவலுக்குப் படையும் இல்லை.

இதைப் படித்த பிறகு நான் தொட்டி மாற்றும் விதம் கொஞ்சம் மாறியது, அதையும் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது பொருந்தும். அக்கினி நட்சத்திரத்தில் தொட்டி மாற்றுவது மார்க்கத்தின் செங்கடல் பயணம் மாதிரி. ஐப்பசி அடைமழையில் மாற்றினால் புது மண் காயவே காயாது. ஆடி, ஆவணிதான் நல்ல நேரம். முந்தின நாள் தண்ணீர் ஊற்றி வைத்து, தொட்டியைச் சாய்த்து விளிம்பைத் தட்டினால் வேர்ப்பந்து முழுசாக வரும். வெள்ளையாகக் கெட்டியாக இருப்பது நல்ல வேர், கறுத்துக் குழைவது அழுகியது, அதை வெட்டிவிடலாம். சுற்றிக்கொண்ட வேரைப் பக்கவாட்டில் இரண்டு மூன்று இடத்தில் கீறிவிட்டால் புது வேர் வெளிப்பக்கம் பார்த்துப் போகும். புதுத் தொட்டி பழையதை விட இரண்டு அங்குலம் அகலம் கூட, அதற்கு மேல் வேண்டாம். ஸ்நேக் பிளான்ட் மாதிரி நெருக்கத்தில் சந்தோஷமாக இருக்கும் செடிக்கு அவசரமே இல்லை. செம்மண், மட்கிய தொழு உரம், கொஞ்சம் மணல் கலந்து போட்டு, குத்திக் குத்தி இறுக்காமல் விடுங்கள். வேரில்லாமல் உரத்தால் பயன் இல்லை, ஒரு மாதம் உரம் கிடையாது. ஒரு வாரம், பத்து நாள் நிழல். ரொம்பத் துவண்டால் ஒரு பெரிய பாலிதீன் பையைக் கவிழ்த்து மூடி வைத்துப் பாருங்கள், வெயில் படாத இடத்தில். அதுதான் வார்டு பெட்டி, காசில்லாமல்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால், வடிந்த தண்ணீரை அன்றன்றைக்கே கொட்டிவிடுங்கள். வேர் அழுகும் என்பதற்காக மட்டும் இல்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை வைக்கத் தேடுகிற இடங்களில் பூந்தொட்டித் தட்டும் ஒன்று.